லோகோவில் நின்றுபோன பழைய டேப்லெட்: படங்களை முன்னால் வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 2015ஆம் வருட மாடல் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ, 8 அங்குலம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது அப்பாவுக்கு வாங்கி வந்தது. ஒன்றரை வருடம் பீரோவில் கிடந்தது. இப்போது சார்ஜ் ஏற்றி ஆன் செய்தால் லோகோவோடு நின்றுவிடுகிறது. கடையில் காட்டியதற்கு 'போர்டு போச்சு' என்று சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பை வைத்து நானே சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ள முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் 'அப்பா எடுத்த படங்களும் அதில்தான் இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. டேப்லெட் பிழைத்துப் படங்கள் போய்விட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அதனால் படங்களை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் 14 வருடமாக மொபைல், டேப்லெட் சர்வீஸ் செய்கிறேன். லோகோவில் நிற்கிற சாதனம் மேசைக்கு வந்தவுடன் கேபிளை எடுத்துச் செருகுவதில்லை. இது சாஃப்ட்வேர் கோளாறுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றரை வருடம் சும்மா கிடந்த பேட்டரி பலவீனமாகியிருக்கும். நூறு சதவீதம் என்று காட்டினாலும், ஆன் ஆகும்போது பிராசசர் மின்சாரத்தை இழுக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து அணைந்துவிடும், மறுபடி லோகோ வரும். ஒரு நல்ல சுவர் சார்ஜரில் அணைத்த நிலையிலேயே மூன்று மணி நேரம் விட்டு, சார்ஜரைக் கழற்றாமல் ஆன் செய்து பாருங்கள். லோகோவைத் தாண்டி ஓர் அடியாவது கூடுதலாகப் போனால் பேட்டரி மேல்தான் சந்தேகம். அடுத்தது பவர் பட்டன். உறையின் அழுத்தத்தாலோ அழுக்காலோ அது உள்ளே சிக்கியிருந்தால், யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்து டேப்லெட் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். நகத்தால் தட்டிப் பாருங்கள், 'டிக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் கேட்க வேண்டும். இந்த இரண்டும் இல்லை, லோகோ அசையாமல் அப்படியே நிற்கிறது என்றால் சாஃப்ட்வேராக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாஃப்ட்வேர்தான் என்று தெரிந்தாலும் உடனே கம்ப்யூட்டரிடம் போக வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் எடுத்த படங்கள் கார்டில் சேரும்படி அப்பாவோ அண்ணனோ மாற்றி வைத்திருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. அப்பாவின் கூகுள் கணக்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து கூகுள் ஃபோட்டோஸையும் பாருங்கள். அவருக்கே தெரியாமல் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்கு வேறொரு காரணத்துக்கும் தேவைப்படும், கீழே சொல்கிறேன்.

அப்புறம் ரெக்கவரி மோடு, அதாவது ஆண்ட்ராய்டு ஆன் ஆகாமலே திறக்கும் பழுதுபார்க்கும் மெனு. டேப்லெட்டை அணைத்து, ஹோம், வால்யூம் அப், பவர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். அணைய மறுத்தால் பவரையும் வால்யூம் டவுனையும் பத்து நொடி சேர்த்து அழுத்தினால் வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும். திரை கருக்கும் அந்தக் கணத்தில் விரலை வால்யூம் அப்புக்கு மாற்றி ஹோமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெக்கவரி திறந்ததும் மெனுவைத் தொடுவதற்கு முன் மேலே சின்ன எழுத்தில் இருக்கும் வரிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பும் அதன் பில்டு எண்ணும் (அந்தச் சாஃப்ட்வேரை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) அங்கேதான் இருக்கும். பலரும் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பிறகு எந்த ஃபைலை இறக்குவது என்று தவிப்பார்கள். மெனுவில் 'வைப் கேச் பார்ட்டிஷன்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் அழியும், படங்களுக்கு ஒன்றும் ஆகாது. பாதியில் நின்ற அப்டேட்டால் வந்த கோளாறு இதிலேயே சரியாகிப்போன நாட்கள் உண்டு. ஆனால் அதற்கு நேர் மேலே இருப்பது 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்'. ஒரு வரி தவறினால் எல்லாம் போயிற்று. வால்யூம் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்திய பிறகும் எந்த வரி நீலமாக இருக்கிறது என்று வாய்விட்டுப் படித்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள்.

அந்த ரீசெட்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு பூட்டு வந்தது. ரெக்கவரி வழியாக அழித்தால், மறுபடி ஆன் ஆகும்போது முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கையே கேட்கும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் படங்களும் இல்லை, டேப்லெட்டும் இல்லை. நான் மேலே சொன்ன காரணம் இதுதான்.

கேச் அழித்தும் எழவில்லை என்றால் கம்ப்யூட்டர்தான் வழி. இதில் படங்கள் பிழைக்குமா என்பதற்கு ஓரளவு தெளிவாகவே பதில் சொல்ல முடியும். உள் மெமரி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ஒரு பகுதியில், உங்கள் படங்கள் வேறு பகுதியில். கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்பப் போடும்போது ஆண்ட்ராய்டு இருக்கும் பகுதிகள்தான் மேலெழுதப்படுகின்றன. படங்கள் இருக்கும் பகுதியை அழிப்பதா வேண்டாமா என்பதை சிஎஸ்சி என்ற ஃபைல் முடிவு செய்கிறது. பெயரில் வெறும் 'சிஎஸ்சி' என்று இருந்தால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'ஹோம்_சிஎஸ்சி' என்று இருந்தால் உங்கள் தரவை அப்படியே விட்டுவிடும். இந்தக் காலத்து டேப்லெட்டுகளுக்கு முழு சாஃப்ட்வேரும் ஒரே ஃபைலாக வருவதும் உண்டு. அதன் பெயரின் முடிவில் 'ஹோம்' என்று இருந்தால் அதுவும் தரவை அழிக்காத வகைதான். இந்த வேறுபாட்டை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. சர்வீஸ் தொடங்கிய இரண்டாம் வருடம், ஓர் அம்மா கொண்டு வந்த டேப்லெட்டில் அவசரத்தில் வெறும் சிஎஸ்சியைப் போட்டுவிட்டேன். டேப்லெட் பளிச்சென்று ஆன் ஆனது. அவர் கேலரியைத் திறந்து, ஒன்றும் இல்லாத அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார், திட்டக்கூட இல்லை. அதிலிருந்து, ஃபைல் பெயரை ஒரு தாளில் எழுதிச் சரிபார்க்காமல் நான் ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதில்லை.

சரி, எந்த ஃபைல் வேண்டும்? டேப்லெட்டின் பின்பக்கம் மாடல் எண் மிகச் சின்னதாக அச்சிட்டிருக்கும், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளது எஸ்எம்-டி350. சிம் போடுகிறவை எஸ்எம்-டி355, எஸ்எம்-டி355ஒய். பேனாவோடு வந்தது எஸ்எம்-பி355, பார்க்க ஏறக்குறைய அண்ணன் தம்பி போல இருக்கும். கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். டி355 ஃபைலை டி355ஒய்யில் போடாதீர்கள். அடுத்து, பில்டு எண்ணின் கடைசி ஐந்து இடங்களைப் பாருங்கள். உதாரணத்துக்கு அது '2சிஆர்எஃப்1' என்று வைத்துக்கொள்வோம். முதலில் உள்ள 2, பூட்லோடரின் (ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டைத் தொடங்கிவைக்கும் சின்ன நிரல்) எண். மூன்றாவதான ஆர் ஆண்டைக் குறிக்கும்: கியூ என்றால் 2017, ஆர் என்றால் 2018. நான்காவதான எஃப் மாதம், ஆங்கில அகரவரிசையில் ஆறாவது எழுத்து என்பதால் ஜூன். இதில் அந்தப் பூட்லோடர் எண்தான் முக்கியம். டேப்லெட்டில் 2 இருந்து நீங்கள் 1 உள்ள ஃபைலைப் போட முயன்றால் அது ஏற்காது. பழையதுக்கு இறங்க முடியாதபடி சாம்சங் செய்திருக்கும் ஏற்பாடு அது, கோளாறு இல்லை. படங்கள் வேண்டும் என்பதால் என் யோசனை இதுதான்: ரெக்கவரியில் பார்த்த அதே பில்டையே திரும்பப் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் அதைவிட ஒரு படி புதியது. பழையதைப் போட்டால், பூட்லோடர் எண் இடம்கொடுத்தாலும், புதிய ஆண்ட்ராய்டு எழுதிவைத்த தரவைப் பழைய ஆண்ட்ராய்டு படிக்க முடியாமல் மறுபடி லோகோவிலேயே நிற்க வாய்ப்பு அதிகம்.

ஃபைலுக்கு நாட்டுக் குறியீடும் உண்டு. இந்தியாவுக்கு ஐஎன்எஸ், சிங்கப்பூருக்கு எக்ஸ்எஸ்பி, மலேசியாவுக்கு எக்ஸ்எம்இ, இலங்கைக்கு எஸ்எல்கே. உங்களுடையது சிங்கப்பூரில் வாங்கியது என்பதால் எக்ஸ்எஸ்பியைத் தேடுங்கள். வேறு நாட்டு ஃபைலும் பலமுறை வேலை செய்யும். ஆனால் நாட்டுக்கு நாடு ஒரு பகுதியின் அளவு மாறும்போது எல்லாம் முடிந்து 'ஹிடன்.ஐஎம்ஜி' என்ற இடத்தில் மட்டும் தோற்றுப்போகும். படங்கள் இருக்கும் டேப்லெட்டில் அந்தச் சோதனை வேண்டாம். ஃபைலை சாம்மொபைல் போன்ற தளங்களிலிருந்து எடுக்கலாம், அல்லது ஃப்ரிஜா என்ற சின்ன மென்பொருளால் சாம்சங்கின் சர்வரிலிருந்தே இறக்கலாம். இரண்டாவதையே நான் விரும்புகிறேன், நடுவில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும், பொறுமையாக இறக்குங்கள்.

இறக்கிய ஃபைலை டேப்லெட்டில் எழுதுவதற்கான மென்பொருளின் பெயர் ஓடின். சாம்சங் தன் சர்வீஸ் ஆட்களுக்காகச் செய்தது, பொதுமக்களுக்கு என்று அது எப்போதும் வெளியிடவில்லை. அதனால் கண்ட இடத்திலிருந்து இறக்காதீர்கள், வைரஸ் கலந்த பிரதிகள் உலவுகின்றன. விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹைம்டால் இருக்கிறது, ஆனால் முதல் முறை செய்கிறவருக்கு நான் ஓடினைத்தான் சொல்வேன். சாம்சங்கின் யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள், சாம்சங்கின் பேக்கப் மென்பொருளான ஸ்மார்ட் ஸ்விட்ச் திறந்திருந்தால் முழுவதுமாக மூடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகி, தூங்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். கேபிள் விஷயத்தில் தாராளமாக இருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்தான் பாதிப் பேரின் பிரச்சினை. ஆடுகிற மைக்ரோ யுஎஸ்பி முனை மீதிப் பேருடையது.

இப்போது டேப்லெட்டை அணைத்து ஹோம், வால்யூம் டவுன், பவர் மூன்றையும் பிடியுங்கள். எச்சரிக்கைத் திரை வரும், வால்யூம் அப் அழுத்தினால் டவுன்லோட் மோடு, கம்ப்யூட்டரிலிருந்து சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்ளும் நிலை. இந்தத் திரையையும் படம் எடுங்கள். கேபிளைச் செருகியதும் ஓடினில் 'ஐடி:காம்' என்ற கட்டம் நீலமாகி, கீழே 'ஆடட்' என்று வந்தால் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். ஒரே ஃபைல் என்றால் 'ஏபி' என்ற இடத்தில் போடுங்கள், மிகப் பழைய ஓடினில் அதற்குப் 'பிடிஏ' என்று பெயர். தனித்தனி ஃபைல்கள் என்றால் பிஎல், ஏபி, சிபி என்று பெயர் தொடங்கும் மூன்றும் அதனதன் இடத்தில், சிஎஸ்சி இடத்தில் ஹோம்_சிஎஸ்சி. ஏபி ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் செத்துப்போனது போல ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். ஃபைல் முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்கிறது, மூடிவிடாதீர்கள். ஆப்ஷன்ஸில் 'ஆட்டோ ரீபூட்', 'எஃப் ரீசெட் டைம்' இரண்டும் டிக் ஆகியிருக்கும், அப்படியே இருக்கட்டும். 'ரீ-பார்ட்டிஷன்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். 'நாண்ட் இரேஸ்' என்பதைக் கனவிலும் தொடாதீர்கள். படங்களோடு ஐஎம்இஐ எண் (சிம் நெட்வொர்க்கில் டேப்லெட்டை அடையாளம் காட்டும் எண்) இருக்கும் பகுதியையும் அது கொண்டுபோய்விடும், அப்புறம் சிம் வேலை செய்யாது.

ஸ்டார்ட் அழுத்தியதும் பூட், ரெக்கவரி, சிஸ்டம் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும். சிஸ்டத்தில் நெடுநேரம் நிற்கும், அதுதான் பெரியது. அந்த ஐந்து பத்து நிமிடமும் கேபிளில் கைபடாமல், மேசையை ஆட்டாமல், பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையில் 'பாஸ்' வந்து டேப்லெட் தானே ரீஸ்டார்ட் ஆனால் முடிந்தது. முதல் முறை ஆன் ஆக பத்துப் பதினைந்து நிமிடம்கூட எடுக்கும். மறுபடி லோகோவில் நிற்கிறதே என்று பதறி அணைத்துவிடாதீர்கள்.

சிவப்பில் 'ஃபெயில்' வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்தான், ஆனால் அநேகமாக அது முடிவாக இருக்காது. 'செட்டப் கனெக்‌ஷன்' என்ற இடத்திலேயே நின்றால் கேபிள், போர்ட், டிரைவர் மூன்றில் ஒன்று. வேறு போர்ட்டில் செருகி, டேப்லெட்டை மறுபடி டவுன்லோட் மோடுக்குக் கொண்டுவந்து தொடருங்கள். டேப்லெட் திரையில் 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று வந்து, டிவைஸ் 2, பைனரி 1 என்பது போலக் காட்டினால் நான் மேலே சொன்ன பூட்லோடர் எண் விவகாரம். புதிய ஃபைலைத் தேடுங்கள். பாதியில் அறுந்துபோனால் அடுத்த முறை ஆன் செய்யும்போது, அப்டேட்டில் கோளாறு, ரெக்கவரி மோடைத் தேர்ந்தெடுக்கவும் என்ற செய்தி வரும். அதுவும் ஒருவகை டவுன்லோட் மோடுதான், அந்தத் திரையிலிருந்தே ஓடின் மூலம் மறுபடி எழுதலாம்.

சரியான ஃபைல், நல்ல கேபிள், வேறு கம்ப்யூட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தும் எழுதத் தொடங்கும் இடத்திலேயே திரும்பத் திரும்பத் தோற்றால், அல்லது ரெக்கவரியில் 'ஃபெயில்ட் டு மவுன்ட்' என்று வரிவரியாகச் சிவப்பு எழுத்து வந்தால், உள்ளே இருக்கும் மெமரி சிப்பே பழுதாகியிருக்கலாம். கடைக்காரர் 'போர்டு போச்சு' என்றது இதைத்தானா, பார்க்காமலே சொன்னதா என்பதை நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் இந்த அறிகுறி கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் அந்தச் சிப்பை இன்னும் வதைக்கும். போர்டில் கம்பி இணைத்து சிப்பை நேரடியாகப் படிக்கும் கருவி வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். டேப்லெட் என்க்ரிப்ட் செய்யப்படாமல் (தரவு சங்கேதமாகப் பூட்டப்படாமல்) இருந்தால் படங்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. செலவு டேப்லெட்டின் விலையைத் தாண்டலாம், அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு நிலைமையும் உண்டு. பாஸ் என்று வந்தும் மறுபடி லோகோவிலேயே நிற்கிறது. 16 ஜிபி மெமரி படங்களாலும் வீடியோக்களாலும் முட்ட நிரம்பியிருந்தால் இப்படி ஆகும், ஆண்ட்ராய்டுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. இணையத்தில் எல்லோரும் இந்த இடத்தில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்வார்கள், நீங்கள் செய்யாதீர்கள். டிடபிள்யூஆர்பி என்ற மாற்று ரெக்கவரியை ஓடின் வழியாக ஏற்றினால், ஆண்ட்ராய்டு ஓடாமலே படங்களைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனைகள்: உங்கள் மாடலுக்கென்றே செய்த டிடபிள்யூஆர்பி வேண்டும். டவுன்லோட் திரையில் 'எஃப்ஆர்பி லாக் ஆன்' என்று (மேலே சொன்ன கூகுள் கணக்குப் பூட்டு அதுதான்) இருக்கக் கூடாது, இருந்தால் ஏற்க மறுத்துவிடும். இதைச் செய்தால் நாக்ஸ் என்ற சாம்சங்கின் பாதுகாப்புக் குறி எண் நிரந்தரமாக மாறி, வாரண்டி போய்விட்டதாகக் காட்டும். பத்து வருடத்து டேப்லெட்டுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

டேப்லெட் ஆன் ஆகிவிட்டால் வைஃபை போடுவது, அப்டேட் செய்வது, ஆப் இறக்குவது எல்லாம் அப்புறம். முதலில் அதே கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து டிசிஐஎம் ஃபோல்டர் (கேமரா படங்கள் இருக்குமிடம்), வாட்ஸ்அப் ஃபோல்டர், வாய்ஸ் ரெக்கார்டர் ஃபோல்டர் மூன்றையும் நகல் எடுங்கள். அப்பாவின் குரலும் அதில் எங்காவது இருக்கலாம். நகலை இன்னொரு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். அதன் பிறகு தேதியைச் சரிசெய்யுங்கள். பேட்டரி முழுக்க இறங்கியதில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அதனாலேயே கூகுள் கணக்கு நுழையாமல் அடம்பிடிக்கும்.

இந்த டேப்லெட் ஆண்ட்ராய்டு 5.0இல் தொடங்கி 7.1.1 வரை போயிருக்கிறது. உங்களுடையது 5 அல்லது 6இல் நின்றிருந்தால், படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு 7.1.1க்கு ஏற்றிவிடுங்கள். ஏராளமான இணையதளங்கள் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. அதை நேரடியாக நம்பும் ஆண்ட்ராய்டு 7.1.1இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்காக வைத்திருந்த தற்காலிக ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் இனி வராது என்பதால் அதில் வங்கி வேலை மட்டும் வேண்டாம். படம் பார்க்க, பாட்டுக் கேட்க, படிக்கத் தாராளமாகப் போதும்.

முதலில் ரெக்கவரி திரையின் மேல்வரிகளையும் டவுன்லோட் திரையையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஐஎம்இஐ எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். ஃபைலை இறக்கியதும் அதன் முழுப் பெயரையும் எழுதுங்கள். ஸ்டார்ட் அழுத்தும் முன் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.